தசைநார் மாற்ற நூலும் போதிதருமரும்: ஒரு மூலக்கதையின் மீதான மறுநோக்கு

முன்னுரை

கடந்த பருவத்தில் நம் துறை மாணவர் ஒருவர் அளித்த இடுபணிக் கட்டுரையே இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாயிற்று. சீனரிடையே வழங்கும் உயிர்ப்பாற்றல் பயிற்சிகள் அனைத்தும், நோய் தீர்ப்பனவாயினும் போருக்குரியனவாயினும், காஞ்சியிலிருந்து சென்ற பல்லவ இளவரசராகிய போதிதருமர் கற்பித்தவையே என்பது அக்கட்டுரையின் துணிபு. மொழிநடை நன்று, உழைப்பும் தெரிந்தது. ஆயினும் சான்றாகக் காட்டப்பட்டவை பொதுநிலை வாசகர்க்கென எழுதப்பெற்ற இரண்டு சிறு நூல்களும், 2011ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படமுமே ஆகும். அம்மாணவரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. மேடைகளிலும் மலர்களிலும் ஆண்டுதோறும் கேட்டுவரும் ஒன்றையே அவர் எழுதினார். கேட்டுக்கொண்டிருந்தோருள் நாமும் அடக்கம்.

இக்கூற்று அந்தரத்தில் தோன்றியதன்று. அதற்கு ஒரு நூல் அடிப்படையாக உள்ளது. 'யீஜின் ஜிங்' என்பது அதன் பெயர். 'தசைநார் மாற்ற நூல்' எனத் தமிழில் இதனைக் குறிக்கலாம். போதிதருமரைச் சீன உடற்பயிற்சி மரபோடு முதன்முதலாக இணைப்பது இந்நூலே. ஆதலின் கூற்றின் மெய்ம்மையை அறிய விழைவோர் முதற்கண் இந்நூலைப் படித்தல் வேண்டும். தமிழில் இப்பொருள் பற்றி எழுதியோருள் பலர் அதனைப் பெயரளவில் சுட்டினரேயன்றி, அது என்ன கூறுகிறது என்று நோக்கியதாகத் தெரியவில்லை. ஒரு நூலை அதன் பாயிரம், மொழி, உள்ளடக்கம் ஆகியவற்றைக் கொண்டு காலவரையறை செய்யும் பயிற்சி தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. அப்பயிற்சியையே இங்கும் கையாளுகிறோம்.

நூலும் அதன் இரு முன்னுரைகளும்

தசைநார் மாற்ற நூலில் இரண்டு முன்னுரைகள் உள்ளன. ஒன்று தாங் அரசமரபின் புகழ்பெற்ற படைத்தலைவராகிய லீ ஜிங் கி.பி. 628இல் எழுதியதாக அமைந்தது. மற்றொன்று சுங் காலத்துப் படைத்தலைவர் நியூ காவ் 1142இல் எழுதியதாக அமைந்தது. தாம் ஓர் எழுத்தும் அறியாத போர்வீரர் என்று நியூ காவ் தம் முன்னுரையிலேயே கூறிக்கொள்கிறார் என்பது சுவையான செய்தி. இவ்விரண்டினும் வேறாக, தியன்தாய் மலையைச் சார்ந்த ஒரு தாவோ நெறியாளர் புனைபெயரில் 1624இல் எழுதிய பின்னுரை ஒன்றும் உண்டு. இந்த ஆண்டுக்கு முன் இந்நூல் இருந்தமைக்குச் சான்று கிடைத்திலது.

முதல் முன்னுரை சொல்லும் கதை வருமாறு: போதிதருமர் ஒன்பதாண்டு சுவரை நோக்கி அமர்ந்து பின் மறைகிறார். அவர் அமர்ந்திருந்த சுவர் பழுதுபட, அதனைச் சீர்செய்யும்போது உள்ளிருந்து இரும்புப் பேழை ஒன்று வெளிப்படுகிறது. அதனுள் இரண்டு சுவடிகள். 'மச்சை கழுவும் நூல்' என்னும் ஒன்றைச் சீடர் ஹுய்கே எடுத்துச் செல்கிறார். தசைநார் மாற்ற நூலோ ஷாவ்லின் மடத்திலேயே தங்குகிறது. அது இந்திய எழுத்தில் இருந்தமையால் துறவியர் முழுமையாகப் படிக்க இயலாமல், ஆளுக்கொரு சிறு பகுதியைப் பிடித்துக்கொண்டு சண்டைக் கலையில் இறங்கிவிட்டனராம். பின்னர் ஒருவர் மட்டும் எமெய் மலைக்குச் சென்று பரமிதி என்னும் இந்தியத் துறவியைக் கண்டு, அவர் வாயிலாகப் பொருளறிகிறார். பின்னர் அது 'சுருள்தாடி வீரர்' கைக்கு வருகிறது; அவரிடமிருந்து லீ ஜிங் பெறுகிறார்.

களவியல் உரையைப் பயின்றோர்க்கு இக்கதையின் வடிவம் நன்கு பழகியதாகவே இருக்கும். பாண்டிநாட்டில் பன்னீரியாண்டு வற்கடம் வந்து நீங்கியபின் பொருளதிகாரம் வல்லார் எவரும் கிடைத்திலர். ஆலவாய் இறைவன் அறுபது நூற்பாக்களைச் செப்பேட்டில் எழுதித் தன் பீடத்தின்கீழ் இட்டான் என்று அவ்வுரை கூறுகிறது. அங்குச் செப்பேடு, இங்கு இரும்புப் பேழை. அங்குப் பீடத்தின் அடி. இங்குச் சுவரின் உள். பொருள் விளங்காமையும், விளக்க வல்லார் ஒருவரைத் தேடலும், பின் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுதலும் ஈரிடத்தும் ஒக்கும். ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்பது நம் கருத்தன்று. நூலுக்குப் பழமையும் பெருமையும் சேர்க்க விழையும் மரபுகள் இவ்வழியை நாடுகின்றன என்பதே கருதத்தக்கது.

களவியல் உரையை நக்கீரர் பெயரால் வழங்கினும், பாண்டிக்கோவைப் பாடல்கள் அதில் எடுத்தாளப்படுவதைக் கொண்டு, அது பிற்காலத்தது என்று நம் ஆய்வாளர் துணிந்தனர். தசைநார் மாற்ற நூலிலும் அத்தகைய கால முரண்கள் வெளிப்படையாகவே கிடக்கின்றன. பரமிதி என்பார் வரலாற்றில் உண்மையாகவே இருந்தவர். ஆயின் அவர் குவாங்சோ நகரில் மொழிபெயர்ப்புப் பணி செய்தது 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலாகும். 628இல் எழுதிய முன்னுரையில் அவர் எவ்வாறு முன்னோராக இடம்பெற்றார்? சுருள்தாடி வீரரோ தாங் காலத்துப் புனைகதை ஒன்றின் தலைமகன். அவர் வரலாற்று மாந்தரே அல்லர். புனைகதை மாந்தர் ஒருவர் கையிலிருந்து படைத்தலைவர் சுவடி பெற்றதாகக் கூறும் முன்னுரையை எங்ஙனம் ஏற்பது? இதனை நாம் புதிதாகக் கண்டறிந்தோம் அல்லோம். 18ஆம் நூற்றாண்டிலேயே லிங் திங்கான் என்னும் சீன அறிஞர் இப்பிழைகளைச் சுட்டி எள்ளி நகையாடினார். 1930இல் தாங் ஹாவ் என்பார் ஷாவ்லின், வூதாங் மரபுகள் பற்றி வெளியிட்ட ஆய்வில், போதிதருமர் கதையையும், தைச்சியைச் சாங் சான்ஃபெங் என்னும் தாவோ முனிவர் படைத்தார் என்னும் கதையையும் ஒருசேர மறுத்தார். அண்மைக் காலத்தில் மேயிர் ஷஹார் 2008இல் வெளியிட்ட ஷாவ்லின் மட வரலாறு இதனை விரிவாக நிறுவுகிறது.

ஈண்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. சீனரின் உயிர்ப்பாற்றல் கலைக்கு இந்தியத் தந்தை ஒருவரை முதன்முதலில் அளித்தவர் சீனரே ஆவர். அதனை மறுத்தோரும் முதலில் சீனரே. நாம் இவ்விருவருள் முன்னவரை மட்டும் கேட்டுப் பின்னவரைக் கேளாமல் விட்டோம்.

மச்சையும் தசைநாரும்

1624ஆம் ஆண்டளவில் எழுதிய ஒருவர் போதிதருமரை ஏன் தேர்ந்தார்? ஷாவ்லின் மடத்தின் புகழ் ஒரு காரணம் என்பது எளிதில் விளங்கும். அதனினும் நுட்பமான காரணம் ஒன்று நூலின் பெயரிலேயே உள்ளது எனக் கருதுகிறோம்.

சான் மரபின் விளக்கேற்றப் பதிவு என வழங்கும் தொகுப்பு 1004இல் நிறைவுற்றது. அதில் போதிதருமர் தம் நான்கு சீடரை அழைத்து அவரவர் பெற்ற அறிவை வினவும் நிகழ்ச்சி உண்டு. ஒருவரிடம் 'நீ என் தோலைப் பெற்றாய்' என்கிறார். மற்றவர்க்கு முறையே தசையும் எலும்பும். ஒன்றும் பேசாது வணங்கி நின்ற ஹுய்கே பெற்றது மச்சை. இது முற்றிலும் உருவகம். அறிவின் ஆழத்தை உடலின் ஆழமாகக் காட்டும் உத்தி. ஆறு நூற்றாண்டுகள் கழித்து வந்த தசைநார் மாற்ற நூலார் இவ்வுருவகத்தைச் சொல்லுக்குச் சொல் மெய்யாகவே எடுத்துக்கொண்டார். மச்சையை ஹுய்கே பெற்றாரெனில் மச்சை பற்றிய சுவடி ஒன்று இருந்திருக்க வேண்டும். எஞ்சிய உறுப்புக்கு மற்றொன்று இருந்திருக்க வேண்டும். பேழையில் இரு சுவடிகள் கிடந்தமைக்கும், மச்சை நூல் ஹுய்கேயோடு சென்றமைக்கும் காரணம் இதுவே. பழைய உருவகம் ஒன்றை உடற்பயிற்சியாக மாற்றிய இச்செயல் உண்மையில் துணிவும் கற்பனையும் உடையது. இந்நூலார்க்கு உரிய பாராட்டை, அவரைப் போலி எனச் சொல்லிக் கடந்துசெல்லும் ஆய்வாளரும் தரவில்லை. அவரை முழுதும் நம்பிவிட்ட நாமும் தரவில்லை.

இனி நூலின் உட்பகுதிக்கு வருவோம். பலர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, இன்று இப்பெயரால் பயிலப்படும் பன்னிரு நிலைகள் இதன் பழைய வடிவில் இல்லை. 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகள் வழியாகவே அவை பரவின. பழைய நூல் கூறுவது வேறு. முதலில் வயிற்றை நாள்தோறும் நீவுதல். பின் மர உலக்கையாலும் கொட்டாப்புளியாலும் இடித்தல். பின் கல் நிறைத்த பையால் அறைதல். இவற்றால் 'ச்சி' என்னும் உயிர்ப்பு வயிற்றில் திரண்டு, தசைக்கும் எலும்புக்கும் இடையே பரவி, 'உள்வலிமை' தோன்றும் என்கிறது. அமாவாசை நாளில் கதிரவனின் சாரத்தையும் பௌர்ணமி நாளில் திங்களின் சாரத்தையும் உட்கொள்ளும் முறையும் உண்டு. பயிற்சி முற்றியவர் விரலால் எருதின் வயிற்றைத் துளைக்கலாம், கைவிளிம்பால் அதன் தலையைத் துண்டிக்கலாம் என்பது இது தரும் உறுதிமொழி.

இவற்றுள் பௌத்தம் எங்கே? உடம்பை அநித்தியம் என்று கூறும் சமயத்தின் துறவி ஒருவர் உடம்பைக் கல்லாக்கும் வழி சொன்னார் என்றால் ஐயுற வேண்டாமா? கதிரும் திங்களும் உட்கொள்ளல், கொப்பூழுக்குக் கீழ் உயிர்ப்பைச் சேர்த்தல் ஆகியவை தாவோ நெறியின் நெடுநாள் வழக்கங்கள். அவ்விடத்துக்குச் சீனர் இட்ட பெயரே 'தான்தியன்', அதாவது சாதிலிங்க வயல். இரசவாதிகளின் உலைக்களத்திலிருந்து உடலுக்குள் புகுந்த சொல் அது. பௌத்தச் சட்டம் போட்ட தாவோ ஓவியம் என இந்நூலைக் கூறின் தவறாகாது. மிங் ஆட்சியின் இறுதிக்காலத்தில் கன்பூசியம், பௌத்தம், தாவோ மூன்றும் ஒன்றே என்னும் கருத்து படித்தோரிடையே ஓங்கியிருந்தது. அச்சூழலில்தான் நோய் தீர்க்கும் பயிற்சி, போர்ப்பயிற்சி, வீடுபேற்றுக்கான பயிற்சி ஆகிய மூன்றும் ஒரே உடலில் ஒரே 'ச்சி'யால் நிகழ்வன என்னும் எண்ணம் ஒரு நூலில் ஒன்று சேர்ந்தது. நம் நோக்கில் தசைநார் மாற்ற நூலின் உண்மையான புதுமை இதுவேயாகும்.

போதிதருமர் பற்றிய பழைய குறிப்புகள்

இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. யாங் சுவான்ஜி 547இல் எழுதிய லோயாங் மடங்களின் வரலாறு அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. யோங்நிங் மடத்தின் அழகைக் கண்டு கைகூப்பி நின்ற முதியவராகவே அங்கு அவர் காணப்படுகிறார். சீடர் மரபினராகிய தான்லின் அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். 7ஆம் நூற்றாண்டில் தாவோசுவான் தொகுத்த துறவியர் வரலாறு தென்னிந்திய அந்தணர் என்கிறது. விளக்கேற்றப் பதிவில் அரசரின் பெயர் 'சியாங்ஜி' என வருகிறது. அதனைக் காஞ்சி என்று கொள்வோர் உளர். பல்லவர் என்னும் பெயர் இவற்றுள் எங்கும் இல்லை. தென்னிந்தியர் என்பதற்குச் சான்று உண்டு. காஞ்சி என்பது கருதுகோள். பல்லவ இளவரசர் என்பது அக்கருதுகோளின்மேல் எழுந்த மாடி. இவற்றுள் எதுவும் அவர் உடற்பயிற்சியோ போர்க்கலையோ கற்பித்ததாகக் கூறவில்லை.

ஷாவ்லின் மடத்தினரே வேறு விடை வைத்திருந்தனர் என்பதையும் இங்கு நோக்க வேண்டும். அம்மடம் 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாதுவோ என்னும் இந்தியத் துறவிக்காக எழுந்தது. 621இல் அதன் துறவியர் பின்னாளில் தாங் பேரரசரான லீ ஷிமினுக்குப் போரில் துணைநின்றமை கல்வெட்டால் தெளிவாகிறது. ஆயின் அவர்களின் தனிக்கலையாகிய தண்டப்பயிற்சியை முதன்முதலில் விரிவாக எழுதிய செங் சோங்யூ, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதனைக் கற்பித்தவர் கின்னர அரசர் என்று பதிவு செய்கிறார். மடைப்பள்ளி ஏவலாளராக மறைந்திருந்த அத்தெய்வம், கிளர்ச்சியாளர் மடத்தைச் சூழ்ந்தபோது அடுப்புக் கோலை ஏந்தி எழுந்ததாம். அங்குப் பல்லாண்டு பயின்றவர் எழுதிய நூலிலேயே தண்டக்கலையின் தலைவராகப் போதிதருமர் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த புதினங்களும் குத்துக்கலைக் கையேடுகளுமே அவரை அவ்விடத்தில் நிலைநிறுத்தின. அங்கிருந்து ஆங்கில நூல்களுக்கும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் கதை பெயர்ந்தது.

இந்தியத் தடம் எங்குள்ளது?

மேற்கூறியவற்றைக் கொண்டு சீன மருத்துவத்தில் இந்தியத் தொடர்பே இல்லை எனக் கொள்வது மறுகோடிப் பிழையாகும். சுன் சிமியாவ் என்னும் பெரு மருத்துவர் கி.பி. 652 அளவில் இயற்றிய 'ஆயிரம் பொன் மருந்துமுறை' நூலில் இந்திய நாட்டு உடற்பிடிப்பு முறை என்னும் தலைப்பில் பதினெட்டு அசைவுகள் உள்ளன. அந்தணர் முறை என்னும் குறிப்பும் உடன் வருகிறது. கைகளைக் கழுவுவதுபோல் முறுக்குதல், வலிய வில்லை நாண் ஏற்றுவதுபோல் இழுத்தல், மலையைத் தள்ளுவதுபோல் அமர்ந்து கைகளை நீட்டுதல், புலிபோல் திரும்பி நோக்குதல் என்பன அவற்றுட் சில. முதியோர் நாளும் மும்முறை செய்தால் திங்கள் ஒன்றில் பிணி நீங்கிக் குதிரைபோல் விரைவர் என்று முடிகிறது.

இது காலம் உறுதியான நூல்; போதிதருமர் பேழையைப்போல் அன்று. ஆயினும் இதனையும் அப்படியே ஏற்றல் கூடாது. வில் இழுப்பதும் புலி நோக்குவதும் இந்தியாவுக்கே உரியன என்று சொல்வதற்கில்லை. சாங்ஷா நகருக்கு அருகில் மாவாங்துய் என்னுமிடத்தில் 1973இல் அகழ்ந்தெடுத்த பட்டோவியம் 'தாவோயின்' எனப்படும் நீட்டல்–வழிப்படுத்தல் பயிற்சி செய்யும் 44 ஆண் பெண் உருவங்களைக் காட்டுகிறது. அது கிடந்த கல்லறை கி.மு. 168இல் மூடப்பெற்றது. பௌத்தம் சீனம் புகுவதற்கு முன்னரே, கரடிபோலும் பறவைபோலும் அசைந்து நோய் போக்கும் கலை அங்கு வளர்ந்திருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அப்படியாயின் சுன் சிமியாவ் தந்த பதினெட்டில் எவை வந்தவை, எவை இந்தியப் பெயர் சூட்டப்பெற்ற உள்நாட்டு அசைவுகள்? தமிழ், வடமொழி, சீனம் மூன்றும் அறிந்த ஒருவர் எடுத்து ஆராயத்தக்க வினா இது.

'ச்சி' என்பதைப் 'பிராணன்' என்றும் 'வாசி' என்றும் பெயர்த்துவிட்டு ஒப்புமை கண்டுவிட்டதாகக் கருதும் போக்கையும் சொல்லியாக வேண்டும். அயல்நாட்டில் முனைவர் பட்டத்துக்குப் பயின்றகாலை நாமும் இப்பிழையைச் செய்தோம். நெறியாளர் சிவப்பு மையில் ஒரு வினாக்குறி மட்டும் இட்டார். திருமூலர் கூறும் மூச்சடக்கத்துக்குக் கணக்கு உண்டு. உயர்த்திச் செல்லும் வழியும் முடிவில் சிவமும் உண்டு. சீனரின் 'ச்சி'யோ மூச்சு மட்டுமன்று. ஆவியும், வானிலையும், உணவின் சத்தும், முகத்தின் தெளிவும் அச்சொல்லுக்குள் அடங்கும். ஒலியடக்கமாக ஓர் இணைச்சொல் இட்டவுடன் இவ்வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன.

மூலக்கதையின் பிற்கால வாழ்வு

ஒவ்வொரு காலமும் இப்பயிற்சிகளுக்குத் தனக்கேற்ற மூலத்தைத் தருகிறது. இன்று உலகெங்கும் வழங்கும் 'ச்சிகோங்' என்னும் சொல் அதற்கு முன் அரிதாக வழங்கியது. 1949இல்தான் ஹெபெய் மாநிலப் பொதுவுடைமைக் கட்சி ஊழியர்கள் அதனை ஒரு மருத்துவ முறையின் பெயராகத் தேர்ந்தனர். குடற்புண்ணால் வருந்தித் தம் சிற்றூரில் மூச்சுப் பயிற்சி கற்று நலம் பெற்ற லியூ குய்ஜென் அதன் முதன்மையாளர். ஆசான்–சீடர் மரபு, மந்திரம், தெய்வம் ஆகியன களையப்பட்டு, 1956இல் பெய்தாய்ஹே கடற்கரையில் அதற்கென மருத்துவமனையே அமைந்தது. பண்பாட்டுப் புரட்சியில் அது மூடநம்பிக்கை எனத் தடையுற்றது; 1979க்குப்பின் மீண்டும் எழுந்து, கையால் தொடாமலே 'ச்சி'யைச் செலுத்தி நோய் தீர்ப்பதாகக் கூறிய ஆசான்மாரைத் தோற்றுவித்தது; 1999இல் ஃபாலுன் கோங் தடைசெய்யப்பட்டபின் மறுபடியும் ஒடுங்கியது. 2003இல் அரசின் விளையாட்டுத்துறை நான்கு பயிற்சிகளைச் செம்மைப்படுத்தி வெளியிட்டபோது அவற்றுள் ஒன்று தசைநார் மாற்றப் பயிற்சியே. வயிற்றில் உலக்கையால் இடித்தலும் திங்களின் சாரத்தை உட்கொள்ளலும் அதில் இல்லை. முதியோர் தடுமாறி விழாதிருக்கத் தைச்சி போன்ற மெல்லசைவுகள் உதவும் என்பதை மருத்துவ ஆய்வுகள் ஏற்கின்றன; தொலைவிலிருந்து செலுத்தும் 'ச்சி'க்கு அத்தகைய சான்று இல்லை.

இவ்வாறு ஒரு பேரரசும் ஒரு கட்சியும் தத்தம் தேவைக்கேற்ப மாற்றி எழுதிய வரலாற்றில் நாமும் ஒரு வரி சேர்த்துள்ளோம். ஆயின் நாம் எழுதும் இடம் வேறு. தித்திவங்சா ஏரிப் பூங்காவில் காலை ஆறரை மணிக்குச் சீன முதியோர் வரிசையில் கை வீசும்போது பின்வரிசையில் சேலையும் விளையாட்டுக் காலணியும் அணிந்த தமிழ்ப் பாட்டியர் இருவர் சேர்ந்து வீசுவதைப் பலமுறை கண்டுள்ளோம். அண்டை வீட்டார் தம் தாத்தனிடம் கற்றதை, 'அது எங்கள் தாத்தன் தந்தது' என்று நாம் மேடையில் கூறும் சொல், மொழி தெரியாமையால் மட்டுமே இதுவரை அவர் செவிக்கு எட்டாதிருக்கிறது. 

மாணவரின் கட்டுரையைத் திருப்பித் தந்தோம். "அப்படியென்றால் போதிதருமர் தமிழர் இல்லையா, ஐயா?" என்று சற்று வருத்தத்தோடே கேட்டார். தென்னிந்தியராக இருந்திருக்கலாம் என்பதற்கு மேல் கூற நம்மிடம் ஒன்றுமில்லை என்றோம். இப்பொழுது அவர் சுன் சிமியாவின் பதினெட்டு அசைவுகளையும் தாளில் வரைந்து, அவற்றுக்கருகில் மாவாங்துய் உருவங்களை ஒட்டி வைத்துள்ளார். பூங்காவிலுள்ள சிஃபு ஒருவர் சீன எழுத்துகளைப் படித்துக் காட்டி உதவுகிறார். ஏழாம் அசைவில் இருவர்க்கும் இன்னும் ஒத்த கருத்து எட்டவில்லை.